வியாழக்கிழமை இரண்டு மணி ஏலம்

1932 ஒக். 10, திங்கள்

காலையில் ஹந்தானை மலையே தெரியவில்லை, அவ்வளவு பனி. கோட்டுப் பை கிழிசல் இன்னும் அப்படியே. பெண்டாட்டி: "அதப் போட்டுக்கிட்டு ஊருக்கு முன்னால நின்னு கூவாதீங்க." கேட்டால்தானே நான்.

ஏலம் கூவுவது என் தொழில்; இம்முறை முருகையாவின் வீட்டுச் சாமான் ஏலம் என் பொறுப்பு. நல்ல சிநேகிதன், போய்ச் சேர்ந்து இரண்டு மாதம். பெண்சாதி பாக்கியம் பிள்ளைகளோடு வீட்டைக் காலி செய்கிறாள். அலுமாரி, கட்டில், கதிரைகள் நல்ல விலைக்குப் போனால் தையல் மெஷினை விற்க வேண்டியதில்லை. இனி அவளுக்குச் சோறு போடப்போவது அந்த மெஷின்தான்.

"நேரத்த நீங்களே பாருங்க நானா," என்றாள். அண்ணன் என்பதை எங்கள் வழக்கப்படி நானா என்றுதான் சொல்வாள்.

பார்த்தேன். காலை வேண்டாம், கடைக்காரர்கள் கடையை விட்டு வரமாட்டார்கள். வெள்ளி ஜும்ஆத் தொழுகை. செவ்வாய் இந்துக்களுக்கு ஆகாது. மூன்று நாலு மணிக்கு மேல் மழை, கூட்டம் கலைந்துவிடும். ஆக, வியாழன் இரண்டு மணி. நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டும் போகலாம். என்ன மூளையடா எனக்கு!

ஒக். 11, செவ்.

தமுக்கு அடித்தாயிற்று. வழி நெடுகச் சொல்லிப் போகும்படி கலஹா பஸ்காரனிடமும் சொல்லியாயிற்று. நேரத்தைச் சொன்னதும் பாக்கியம் ஏதோ சொல்ல வந்தாள். பிறகு, "சரி நானா."

சுத்தியல் பிடி ஆடுகிறது. ஆப்பு வைக்க வேண்டும்.

ஒக். 13, வியாழன், அந்தி மஃரிப் தொழுகைக்குப் பின்

அல்ஹம்துலில்லாஹ்.

முற்றம் நிறையக் கூட்டம். மணியடித்து அலுமாரியைக் கூவினேன். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. கெலிஓயா ஊர்ப் பழைய சாமான் கடை முதலாளி மட்டும் ஒரு விலை சொன்னான். கேவலமான விலை. பாத்திரக்கடைச் செட்டியார் என் காதில்: "என்ன நானா, ராகு காலத்துல வச்சிட்டீங்க? மூணு மணி ஆகாம நாங்க கேட்க மாட்டோம்."

இருபது வருஷமாக நான் கூவியதெல்லாம் துரைமார் பங்களா ஏலம். துரைக்கு ஏது ராகு காலம்?

சுத்தியலைப் போடாமல் பேச்சை வளர்த்தேன். அலுமாரிக் கீலுக்கு ஒரு கதை, பூட்டுக்கு ஒரு கதை. முதலாளி விடவில்லை: "தட்டுங்க நானா, வேற யாரு கேட்கிறா?" இருமினேன். தண்ணீர் கேட்டேன். பாக்கியம் கூட்டம் முழுவதற்கும் பால் விடாத பிளேன்டீ அனுப்பினாள். அதுவும் முடிந்தது. நாலைந்து பேர் குடையை எடுத்துவிட்டார்கள். யா அல்லாஹ்!

கொட்டியது மழை. நான் பயந்த அதே மழை. குடைக்கெல்லாம் அடங்காத மழை. போக வழியில்லாமல் அத்தனை பேரும் வீட்டுக்குள்.

செட்டியார் கடிகாரத்தில் மூன்று மணி ஆனதைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் கேட்க வேண்டுமா! அலுமாரிக்கு ஐந்து பேர் போட்டி. கதிரைக்கு அடிபிடி. முதலாளி மூலையில். கட்டில் முடிந்ததும் கதவுக்குப் பின்னாலிருந்து பாக்கியம் கையைக் காட்டினாள், போதும் என்று. மெஷின் மேல் என் சால்வையைப் போட்டு மூடினேன். கண் கலங்கியது. கலங்கட்டும்.

எல்லாரும் போனபின் கேட்டேன்: "தெரிஞ்சிருந்தும் முதல்லயே சொல்லக்கூடாதா தங்கச்சி?"

"தமுக்கு அடிச்சிட்டு அவ்வளவு சந்தோஷமா வந்து நின்னீங்க. எப்பிடிச் சொல்றது?"

கோட்டைக் கழற்றச் சொன்னாள். சால்வையை எடுத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்து கிழிந்த பையைத் தைத்துக் கொடுத்தாள். கூலி என்ன என்றேன்.

"அடுத்த ஏலத்துக்கு நேரம் பார்க்கிறப்போ என்னையும் ஒரு வார்த்தை கேளுங்க நானா."