பூதம் மிதிக்காத வாசற்படி

டோக்கியோ
12 மே 1955

அன்புள்ள அக்கா,

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, வேர்வைதான் தாங்கவில்லை. கடலிலிருந்து எழுந்து ஊர்களை நொறுக்கும் பூதமாக நடிக்கிறேன். ரப்பர் உடையைக் கழற்றிக் கவிழ்த்தால் கோப்பை கோப்பையாகக் கொட்டுகிறது. வெளியே பார்க்கக் கழுத்தில் சில ஓட்டைகள் மட்டும். திரையில் பூதம் மெல்ல அசைய வேண்டுமென்று கேமராவை வேகமாக ஓட்டுகிறார்கள். அதற்கேற்ப நான் அத்தனை பாரத்தோடும் ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டும். என்னைப்போல் யாராலும் முடியவில்லை என்கிறார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது.

அடுத்து பூதம் நம் ஊர் மினாகிக்கு வருகிறது. நம் கடைத்தெருவை முழங்கால் உயரத்துக்குக் கட்டப்போகிறார்கள், அப்பா நடத்தும் பொதுக் குளியல் கூடத்தோடு. அதற்காகத் தெருவைப் போட்டோ எடுக்க ஆட்கள் வருவார்கள். அப்பாவிடம் என் பேச்சை எடுக்காதே. "நாலு பேருக்குத் தெரியிற முகமா ஆனப்புறம் இந்தப் படி ஏறு" என்று அனுப்பியவரிடம், முகமே தெரியாத வேடம் என்று எப்படிச் சொல்வது?

உன் தம்பி
தாட்சுசோ

மினாகி
29 மே 1955

தம்பி தாட்சுசோவுக்கு,

குளியல் கூடத்தில் ரகசியம் தங்குமா? போட்டோ எடுக்க வந்தவர் வெந்நீர்த் தொட்டியில் இறங்கியதுமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "ரப்பருக்குள்ள பூந்துக்கிட்டு ஊரை மிதிக்கிறதுதான் நடிப்பா?" என்று அப்பா விறகைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சோயா சாறு வியாபாரி குரோகிக்குத்தான் தலைகால் புரியவில்லை. "என் கிடங்கை விட்றாதேன்னு தம்பிக்கு எழுதும்மா. ரெண்டு மிதியா மிதிக்கச் சொல்லு" என்கிறார்.

இன்னொரு செய்தி. மறுநாள் போட்டோ எடுப்பதற்குள் அப்பா புகைபோக்கியில் ஏறி, மங்கிக்கிடந்த நம் பெயருக்குப் புதுச் சாயம் அடித்தார். மழைக்காலம் வருகிறதே, அதனாலாம். மழைக்கு முன்னால் சாயம் அடிப்பவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

அக்கா
ஷிகெனோ

டோக்கியோ
3 ஆகஸ்ட் 1955

அன்புள்ள அக்கா,

ஒரு தப்பு நடந்துவிட்டது. பாடுபட்டுக் கட்டிய தெரு, ஒரே தடவைதான் மிதிக்க முடியும். குரோகியின் கிடங்கைச் சப்பையாக்கிவிட்டேன். அடுத்து நம் வாசல். ஓட்டை வழியாகப் பார்த்தால் அதே துணித்திரை, புகைபோக்கியில் அப்பாவின் எழுத்து. "வாசற்படியை மிதிக்கிறது அப்பன் தலையை மிதிக்கிற மாதிரி" என்று சின்ன வயதில் முதுகில் வாங்கியதைக் கால் மறக்கவில்லை. தூக்கிய காலைக் கூடத்தைத் தாண்டி அடுத்த தெருவில் வைத்துவிட்டேன். வாலைக்கூட ஒதுக்கிக்கொண்டேன்.

"பூதத்துக்கு என்னய்யா மரியாதை?" என்று இயக்குநர் கத்தினார். கண்ணில் வேர்வை இறங்கிவிட்டது என்றேன். மறுபடி கட்ட நேரமில்லை, படத்தில் அப்படியேதான் வரும். எனக்கென்னவோ அப்பாவின் கூடத்தைக் காப்பாற்றியதில் சந்தோஷம். அதையாவது அவர் பார்ப்பாரா?

தாட்சுசோ

மினாகி
6 நவம்பர் 1955

அன்புத் தம்பிக்கு,

படம் வந்தது. தெருவே திரண்டு போனோம், அப்பாவும்தான். கிடங்கு நொறுங்கியதும் குரோகி எழுந்து எல்லோருக்கும் தலை வணங்கினார். கல்யாண வீட்டுக்காரர் தோற்றார். அன்று ஊருக்கே சாக்கே மது அவர் செலவு.

பூதம் நம்மைத் தாண்டிப் போனபோது, "குளியல் கூடத்தைப் பூதம்கூடச் சீந்தலையே" என்று பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். வீடு வந்ததும் அப்பா வெடித்தார். "நம்ம கூடம் மிதிக்கக்கூட லாயக்கில்லையா? சாயம் வேற அடிச்சேன்."

உன் கால் எதை நினைத்துத் தயங்கியது என்று சொன்னேன். மறுநாள் தனியாகப் போய் அந்தப் படத்தை மறுபடி பார்த்துவிட்டு வந்தார்.

இப்போது குளியல் காசு வாங்கிப் போடும்போது, யாரும் கேட்காமலே ஒவ்வொருவரிடமும் ஆரம்பிக்கிறார். "அந்தக் காலைத் தூக்கினதைப் பாத்தீங்களா? எங்க வளர்ப்பு. உள்ள இருக்கிறது என் பையன்." குரோகி இப்போதெல்லாம் சீக்கிரமே குளித்துவிட்டுப் போய்விடுகிறார்.

உனக்கு எழுதச் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"அடுத்த படத்துல ஒழுங்கா மிதிக்கச் சொல்லு. புத்தாண்டுக்கு நேர்ல வந்து இந்தப் படியைத் தாண்டச் சொல்லு."

அக்கா
ஷிகெனோ