செல்வி சாப்பிடட்டும்

குளத்தூர்,
சஷ்டி முடிந்த நாலாம் நாள்.

அன்புத் தம்பி இசக்கிமுருகனுக்கு, அக்கா சந்தனமாரி எழுதுவது.

நானும் அத்தானும் பிள்ளைகளும் நலம். உன் மனைவி நலமில்லை. போனில் சொல்லலாம் என்றால், "லேப்புல இருக்கேன்க்கா, பொறவு பேசுதேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். முழுக்கப் படி.

செல்வி ஊரில் நம் உளுந்துக்காட்டில் களை எடுக்கும்போது மயங்கி விழுந்தாள். பிள்ளை வரம் வேண்டி அம்மா அவளைச் சஷ்டி தொடங்கியதிலிருந்தே வெறும் தண்ணீரில் நிறுத்தியிருக்கிறாள். ஏற்கெனவே செவ்வாய், வெள்ளி, கிருத்திகை எல்லாம் விரதம்தான். கோவில்பட்டி டாக்டரம்மா பார்த்துவிட்டு, உடம்பில் ரத்தமே இல்லை, மாதவிலக்கு நின்றது பட்டினியால்தான் என்று என்னைத் திட்டினார். விரதம் ஒரு பக்கம் இருக்கட்டும். புருஷன் கடல் ஆராய்ச்சி என்று கோவாவில் இருந்துகொண்டு பொங்கலுக்கு மட்டும் வந்து போனால் முருகன்தான் என்ன செய்வார்?

அம்மாவை விடு, அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். என் கோபமெல்லாம் உன்மேல்தான். முடியவில்லை என்று செல்வி உன்னிடம் சொன்னாளாமே. "அம்மா மனசு நோகாம நடந்துக்க" என்றாயாமே. ஏலே, வேறு எவன் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன்.

படிக்கிற காலத்தில் என் வீட்டில் தங்கி, வைப்பாற்று முகத்துவாரத்தில் வலைபோட்டு அள்ளி வந்த தண்ணீரை என் சமையல்கட்டில்தானே ஜாடி ஜாடியாக வைத்திருந்தாய்? மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னாய். மழைத்தண்ணீர் வந்து பாசி பெருகியபோது எடுத்த பொடிப் பூச்சிகள் முட்டைப் பையோடு நீந்தின. கோடையில் எடுத்தவை சிறுத்துப்போய் வெறுமனே கிடந்தன. இதுகளுக்கு என்ன கேடு என்று கேட்டேன். "கேடு ஒண்ணுமில்லக்கா, தீனி இல்ல. தீனி இல்லாம வளரவும் செய்யாது, முட்டையும் வைக்காது" என்றாய். அதை எழுதித்தான் டாக்டர் பட்டம் வாங்கினாய். ஒரு ஜாடிக்குப் பாசித் தீனி ஊற்ற மறந்துவிட்டேன் என்று நாள் முழுக்க என்னோடு பேசாமல் இருந்தவன் நீ.

அம்மா அனுப்பிய கடலை மிட்டாய்ப் பார்சல் வந்திருக்குமே? விரதத்தோடு உட்கார்ந்து அதைக் கட்டியது செல்விதான். தின்னும்போது நினைத்துக்கொள்.

அவளை என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். அம்மா பின்னாலேயே வந்து வாசலில் நிற்கிறாள். சஷ்டி விரதம் பாதியில் குலைந்ததால் இனி ஒரு மண்டலம் இருக்க வேண்டுமாம். நீ சொன்னால்தான் கேட்பாள். செல்வி இனி விரதம் இருக்க மாட்டாள் என்று சொல். காரணம் கேட்டால் உன் பூச்சிக் கதையைச் சொல்லாதே. முட்டை வைக்கட்டும் என்று தீனி போடுவது ஜாடிக்குச் சரி. இவளுக்குப் பிள்ளை பிறந்தாலும் பசிக்கும், பிறக்காவிட்டாலும் பசிக்கும்.

சாளைமீன் குழம்பு வைத்துச் சோறு போட்டிருக்கிறேன். "அவிய ஒரு வார்த்தை சொல்லட்டும் மதினி" என்று உன் போனுக்காகத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

நீ நன்றாக இருப்பாய். போனை எடு.

உன் அக்கா,
சந்தனமாரி