எல்லா நிலையங்களிலும் மேலே

மார்ச் 4

என் அருமை வாலு,

பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா, இல்லை உன்னைப்போல் அடம்தானா? நீயும் ஆய்வுக்கூடமே கதி என்று கிடக்காதே.

நேற்று எங்கள் நிலநடுக்க நிலையத்தில் கருவியின் முள் துள்ளியது. பூமி அசைந்தால் எனக்கு முதலில் உன் நினைப்புதான். சின்ன வயதில் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு, "அக்கா, நீயும் வா" என்று கத்துவாயே! உனக்கு போன் போட்டுக்கொண்டே முள் வரைந்த கோட்டைப் பார்த்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. நிலநடுக்கம் என்றால் ஓரிடத்தில் முள் முதலில் மேலே போகும், இன்னோரிடத்தில் கீழே போகும். நேற்று எல்லா நிலையங்களிலும் மேலே. உள்ளிருந்து எல்லாப் பக்கமும் தள்ளியிருக்கிறார்கள். பக்கத்து நாட்டுக்காரர்கள் ஒரு மலைக்கடியில் அணுகுண்டை வெடித்துப் பார்த்துவிட்டார்கள். ஒரு மலையையே மனிதன் உலுக்கிவிட்டான்டா!

உன் அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்கா,

சின்னவன் என்னைவிட அடம். படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

போன வாரம் அவர்கள் எல்லை வேலியை நம் பக்கம் தள்ளிப் போட்டார்கள். நம்மவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்தத் தைரியத்தில் கேட்பது? நாமும் அந்தக் குண்டைச் செய்யலாமா என்று அரசாங்கத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தைக் கேட்டிருக்கிறார்கள். செய்யலாம் என்று சொல்லப்போகிறேன். போடுவதற்கு இல்லை அக்கா, அவர்கள் போடாமல் இருப்பதற்கு. உன்னிடம் எதை மறைத்திருக்கிறேன்?

வாலு

மார்ச் 27

வாலு,

கிழித்துவிட்டேன். நீ சொல்வதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் ஒரு வேலிக்காக ஓர் ஊரையே எரிப்பாயா? மாட்டாய். அது அவர்களுக்கும் தெரியும். அப்புறம் எதற்கடா? வேண்டாம். பதில் போடு.

அக்கா

அடுத்த ஆண்டு, ஆகஸ்ட் 11

வாலு,

நீ பதிலே போடவில்லை.

இன்று காலை முள் துள்ளியது. பழக்க தோஷம், 'வாலு பத்திரமா இருக்கானா' என்று கை போனுக்குப் போனது. நீ எடுக்கவில்லை. அப்புறம்தான் கோட்டைப் பார்த்தேன். எல்லா நிலையங்களிலும் மேலே. இந்தமுறை நம் பாலைவனத்திலிருந்து.

காவலாளி இனிப்பு கொண்டுவந்து, "இனிமே நம்மள யாரும் தொட முடியாதும்மா" என்றார். வாங்கிக்கொண்டேன். பொய் சொல்ல மாட்டேன், என் தம்பி பூமியை அசைத்துவிட்டான் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. எல்லைக்கு அந்தப் பக்க நிலையத்திலும் ஒருத்தி இதே கோட்டைப் பார்த்துவிட்டு, தன் வீட்டாருக்கு போன் போட்டிருப்பாள். அதை நினைத்தபிறகு இனிப்பை மேசையில் வைத்துவிட்டேன்.

இன்னும் செய் என்பார்கள். போதும்டா, விட்டுவிட்டு வந்துவிடு. கட்டிலுக்கடியில் இப்போது நான்தான் ஒளிந்திருக்கிறேன். வாலு, நீயும் வா.

உன் அக்கா