அம்மாவின் விரலுக்கு ஒரு பாட்டுப்பெட்டி

கொரட்டூர்.

அன்புள்ள அம்மாவுக்கு,

கோமதியின் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உன் இடுப்பு வலி குறைந்ததா? தைலம் தீர்ந்திருந்தால் சொல்.

இந்தப் பார்சலில் இருப்பது பாட்டுப்பெட்டி. பொங்கலுக்கு நான் வந்தபோது என் செல்போனில் பாட்டு வைக்கத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்கு அறிவு பத்தலடி" என்று வைத்துவிட்டாயே. உன் அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து, அதன் ஓட்டிலிருக்கும் எண்ணெய் பட்டு உன் விரல் நுனி வெந்து காய்த்துவிட்டது. காய்த்த விரலைச் செல்போனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். திட்டுவதென்றால் கையுறைகூடத் தராத முதலாளியைத் திட்டு.

அம்பத்தூர்க் கடையில் என் விரல்களில் டேப் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார்.

"இன்னாமா, மிஷின்ல கைய வுட்டுகினியா?"

"இல்லண்ணே. எங்கம்மா முந்திரி உடைக்கிறவங்க. அவங்க வெரல் இப்படித்தான் இருக்கும்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, உள்ளே போய் இதை எடுத்து வந்தார். "டச்சுலாம் அவங்களுக்கு ஆவாதுமா. இத்த அமுக்கிப் பாரு, பட்டன் கல்லு மாரி கீது."

பச்சைப் பொத்தானை அழுத்தினால் பாடும். யாரையும் கேட்க வேண்டாம். நீ உடைத்த கொட்டையில்தான் நான் டிப்ளமோ படித்தேன். இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

சிவப்பை அழுத்திப் பேசினால் உன் குரல் பதிவாகும். நான் வரும்வரை ஏதாவது பேசி வை. திட்டினாலும் சரி, என் பேர் சொல்லித் திட்டு. இங்கே கம்பெனியில் சூப்பர்வைசர் டோக்கன் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உன் மகள்
கோமதி