கனகாவிடம் சொன்ன பொய்

11.6.1979, திங்கள்

இன்று பள்ளிக்கூடம் திறந்தது. பாஸானவர்கள் பட்டியலைப் போன வாரமே போய்ப் பார்த்துவிட்டேன். கனகாவின் பெயர் அதில் இல்லை. காலையில் கடம்பூர் பஸ்ஸிலிருந்து இறங்கியதும், "ஏட்டி, எம் பேரு இருக்கா?" என்று கேட்டாள். இருக்கு என்றேன். போன வருசம் என்னை நிறுத்திவிட்டு அவளைத்தான் பிரேயரில் பாட விட்டார்கள்.

புதுப் பாவாடை கட்டி, பத்தாம் வகுப்பில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். டீச்சர் பேர் வாசித்து முடித்ததும் எழுந்து, "டீச்சர், எம் பேரு விட்டுப்போச்சு" என்றாள்.

"விடலட்டி. நீ பெயிலு. ஒம்பதாவதுக்குப் போ."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பதற்றத்தில் அவள் தூக்குச்சட்டி கவிழ்ந்து சோறு கொட்டியது. அவள் குனிந்து அள்ளி முடிக்கும்வரை ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் எனக்காக நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"கூட்டத்துல நீ சரியாப் பாத்திருக்க மாட்ட, விடு" என்றாள்.

"ஆமாட்டி, வெயில்ல கண்ணு கூசிச்சு."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க அய்யாகிட்ட நீ வந்து சொல்லுதியா? நீ கூட நின்னா அடிக்க மாட்டாவ."

அம்மா தேடுவா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இந்நேரம் அவள் அய்யா வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பார்.