ஷைனியின் பதினொரு பாட்டு

இயேசு மரி சூசை துணை
பெங்களூர்

ஷைனி அப்பாவுக்கு,

மாதா கிருபையால் நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? அத்தைக்குக் கால் வீக்கம் வற்றியதா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்பட வேண்டாம். போனில் ஷைனி பேரை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். எங்கள் கம்பெனியின் பாட்டு ஆப்பில் சந்தா நின்றுபோனவர்களின் பதிவுகள் முப்பது நாளில் தானாக அழியும். அந்த ஏற்பாட்டை எழுதியவளே நான்தான். இன்றைய பட்டியலில் நம் பிள்ளை ஷைனியின் பெயர். அவள் பாடி வைத்த மாதா பாட்டு பதினொன்றும் அடுத்த வெள்ளிக்கிழமை போய்விடும்.

சின்னமனூர் பேங்கில் சந்தா பிடித்தம் ஆகிவந்த அவள் கணக்கை மூடியதுதான் காரணம். "இல்லாத பிள்ளைக்கு எதுக்குடா பாஸ்புக்கு?" என்று அத்தை கேட்டாகளாம். அவர்களைக் குறை சொல்லவில்லை.

பட்டியலிலிருந்து அவள் பெயரை நானே எடுத்துவிடலாம். ஆனால் போன மாதம் மனைவியைப் பறிகொடுத்த ஒருவர் இதையே கெஞ்சிக் கேட்டார். "எல்லாருக்கும் ஒரே சட்டம்" என்று பதில் எழுதினேன். மாதா பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்.

அவள் போனிலிருந்துதான் கட்ட முடியும்; பீரோவில் இருக்கும் அதற்குச் சார்ஜ் போடுங்கள். உங்கள் கார்டைச் சேர்த்துச் சந்தா கட்டுங்கள். அவள் முதல் நற்கருணை எடுத்த நாள், அந்தப் புதுநன்மைத் தேதிதான் பாஸ்வேர்டு.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. கட்டியதும் ஒரு பாட்டையாவது போட்டுக் கேளுங்கள். எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அருள்செல்வி