ஏழாம் மேசை விசைப்பலகையைச் ‘சரிசெய்தது’ குறித்து

அனுப்புநர்:
தட்டச்சர், ஏழாம் மேசை,
ஆவணப் பிரிவு, தரைத்தளம்.

பெறுநர்:
தலைமை நிர்வாக அலுவலர் அவர்கள்,
இரண்டாம் தளம்.

பொருள்: கணினிப் பிரிவு அலுவலர் என்னைக் கேட்காமல் என் விசைப்பலகையில் கை வைத்தது – பழைய நிலைக்கு மாற்றித் தரவும், திங்கட்கிழமை வேகத் தேர்வை நிறுத்தி வைக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பத்தொன்பது ஆண்டுகளாக இங்கே தட்டச்சராக இருக்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் பைண்டிங் பிரிவில் ஆள் இல்லை என்று ஒரு நாள் உதவிக்கு அனுப்பப்பட்டேன். அங்குள்ள காகிதம் வெட்டும் இயந்திரத்தில் என் இடது கைச் சுண்டுவிரலும் மோதிர விரலும் போயின. விபத்து அறிக்கையில் தங்கள் கையொப்பம் இருக்கிறது.

2. வழக்கமான தமிழ் விசைப்பலகையில் அ, ஆ, இ, ஈ ஆகியவை அந்த இரண்டு விரல்களுக்கு உரியவை. அவை இல்லாமல் ஒரு வரி அடிக்க முடியுமா என்று தாங்களே முயன்று பார்க்கலாம். என் கணினியில் இருந்தது டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளம். கட்டற்ற மென்பொருள் என்பதால் யாரையும் கெஞ்சாமல் நானே எழுத்துகளை இடம் மாற்ற முடிந்தது. நான்கு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, மற்ற விரல்களுக்கு எட்டும்படி அமைத்தேன். விசைகளின் மூடிகளையும் கழற்றி அதற்கேற்ப மாற்றிப் பொருத்தினேன். பழையபடி நிமிடத்துக்கு நாற்பது சொல் வந்தது.

3. கடந்த செவ்வாயன்று நான் அரை நாள் விடுப்பில் இருந்தபோது மேற்படி அலுவலர் (லினக்ஸின் சின்னம் பெங்குவின் என்பதால் அலுவலகமே அவரைப் ‘பெங்குவின் சார்’ என்றுதான் அழைக்கிறது) என் மேசைக்கு வந்திருக்கிறார். “யாரோ விளையாட்டுக்கு மாத்தி வச்சிருக்காங்க” என்று மூடிகளைப் பிடுங்கி, துடைத்து, வரிசையாக மாட்டியிருக்கிறார். “இந்தக் காலத்துல யாராச்சும் டெபியன் வச்சிருப்பாங்களா?” என்று சிரித்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்துத் தனக்குப் பிடித்த வேறொரு லினக்ஸை ஏற்றியிருக்கிறார். என் விசை அமைப்புக் கோப்பும் அதோடு போயிற்று. எட்டாம் மேசைக்காரர் சாட்சி.

4. கேட்கப் போனேன். மென்பொருள் சுதந்திரம் பற்றிக் கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். பிறகு, “தனிப்பட்ட விருப்பத்துக்கெல்லாம் இங்க இடமில்லைம்மா” என்றார். எழுத்தே இல்லாத மொட்டை விசைப்பலகையை வைத்துக்கொண்டு மூன்று அறைக்குக் கேட்கும்படி தடதடவென்று அடிப்பவர் அவர். அதை யாராவது தொட்டால் எரிந்து விழுவார். நான் மாற்றியது விருப்பத்துக்காகவா? எனக்கு இரண்டு விரல் இல்லை, ஐயா.

5. இப்போது பதினொரு சொல்லைத் தாண்ட முடியவில்லை. இம்மனுவைக் கையால் எழுதுவதும் அதனால்தான். திங்கள் காலை தேர்வு. முப்பதுக்குக் கீழே போனால் பைண்டிங் பிரிவுக்கு மாற்றல் என்கிறது தங்கள் சுற்றறிக்கை. அந்த இயந்திரம் இன்னும் அதே மூலையில் இருக்கிறது. நான் அங்கே போக மாட்டேன்.

ஆகவே டெபியனை மீண்டும் ஏற்றித் தரவும், விசை அமைப்பை எழுதிக் கை பழக இரண்டு மாதம் அளிக்கவும், அதுவரை தேர்வை நிறுத்தி வைக்கவும் வேண்டுகிறேன். முடியாது என்றால், திங்களன்று அந்த அலுவலரும் என் பக்கத்தில் அமர்ந்து தேர்வு எழுதட்டும், இடது கையில் அதே இரண்டு விரல்களை மடக்கிக் கட்டிக்கொண்டு. கட்டுவதற்கு நாடா நான் கொண்டு வருகிறேன்.

வெள்ளி மாலைக்குள் பதிலை எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
தட்டச்சர், ஏழாம் மேசை

இடம்: ஆவணப் பிரிவு
நாள்: வியாழக்கிழமை